அடுப்பு இருமல்

எங்கள் துய்ச்சிவான் மேட்டில் மக்காரியா தெமாஹ் வருகிறாள் என்பது, ஆள் கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். முதலில் சிரிப்பு வரும், பின்னால் இருமல் வரும். இருமி முடித்ததும் சிரிப்பை விட்ட இடத்திலிருந்து தொடருவாள். அதை ஒருவரும் குறையாக நினைத்ததில்லை. எங்கள் ஊரில் கல்யாணமான பெண் இருமாமல் இருந்தால்தான், அவள் வீட்டில் உலை ஏறுகிறதா இல்லையா என்று சந்தேகப்படுவார்கள்.

என் பெயர் ஒதிலியா. பதினெட்டு வருஷம் இந்த மேட்டுக்குச் சுகாதாரத் தொண்டராக இருந்தவள். நீல அங்கி, தோளில் ஒரு பை, பைக்குள் அச்சடித்த தாள். மாதம் ஒரு முறை நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் போய், பெரியவர்களுக்குக் காய்ச்சல் உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா, இருமல் உண்டா என்று கேட்டு, உண்டு இல்லை என்று கட்டத்தில் எழுதி, கீழே சுகாதார நிலையத்தில் நர்ஸ் எல்விராவிடம் கொடுக்க வேண்டும். மக்காரியாவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பாதிக் கதை என்னைப் பற்றியதாகத்தான் இருக்கும். அதற்கு நான் என்ன செய்வது, செய்ததெல்லாம் நான்தானே.

நானும் அவளும் ஒரே வயது. ஊற்றில் யார் குடம் முதலில் என்று முடியைப் பிடித்துச் சண்டை போட்டவர்கள். அப்போதெல்லாம் வாடி, போடிதான். என் மூத்தவள் நொயெமிக்கு ஞானஸ்நானம் நடந்தபோது மக்காரியாதான் குழந்தையைக் கையில் ஏந்தி ஞானத்தாயாக நின்றாள். அன்றிலிருந்து நாங்கள் ஒருவருக்கொருவர் கொமாத்ரே ஆனோம். அன்றைக்கே 'டி' போய் 'நீங்க' வந்துவிட்டது. கொமாத்ரே என்றால் கூடப் பிறந்தவளுக்கும் ஒரு படி மேல். அவள் வீட்டு உப்பைக் கேட்காமல் எடுக்கலாம். ஆனால் அவள் சொன்ன சொல்லை முகத்துக்கு நேரே மறுக்கக் கூடாது. "எனக்கு ஒண்ணுமில்ல" என்று கொமாத்ரே சொன்னால் ஒன்றுமில்லைதான். "நெசமாவா?" என்று இன்னொரு முறை கேட்டால், நீ பொய் சொல்கிறாய் என்று சொன்னதாக ஆகிவிடும். அவளை வெட்கப்பட வைப்பது அதைவிடப் பெரிய குற்றம்.

மக்காரியாவுக்கு ஊரில் இருந்த மதிப்பெல்லாம் விதைச் சோளத்தால் வந்தது. அவள் அடுப்படிக்கு மேலே, உத்தரத்தில், வெள்ளை, மஞ்சள், கறுப்பு என்று மக்காச்சோளக் கதிர்கள் இரண்டிரண்டாகத் தோகையால் முடிச்சிட்டுத் தொங்கும். மார்ச்சில் விதைப்பு நெருங்கும்போது நாலு ஊர்க்காரர்கள் அவள் வாசலில் வந்து நிற்பார்கள். வேறு யார் வீட்டுக் கதிரிலாவது வண்டு விழும், அவள் கதிரில் விழாது. காரணம் புகை. சிந்தூர மரக் கட்டையாகப் பார்த்துப் பார்த்து எரிப்பாள். விடியலில் சுண்ணாம்பு நீரில் சோளத்தை வேகவைக்க மூட்டுகிற நெருப்பு, மூன்று வேளை ரொட்டியும் தட்டி முடித்து அந்தி வரைக்கும் அணையாது. புகை மேலே போய்க் கதிர்களைக் கறுப்பாக்கிவிட்டு, ஓட்டு இடுக்கில் வழி தேடி வெளியே போகும். வழி கிடைக்காத புகையெல்லாம் மக்காரியாவுக்குள் போயிற்று. பதினேழு வயதில் அந்த அடுப்பின் முன்னால் மண்டியிட்டவள், முப்பத்து நான்கு வருஷம் அங்கேயே இருந்தாள்.

எனக்குப் பயிற்சி கொடுக்காமல் ஒன்றும் விடவில்லை. நகராட்சிக் கூடத்தில் சுவரில் படம் மாட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், சளியில் ரத்தம், உடம்பு இளைத்தால் காசநோயாக இருக்கலாம், உடனே சளியைப் பரிசோதனைக்கு அனுப்பு. திடீரென்று குளிர் காய்ச்சலும், மூச்சு இழுக்கும்போது விலாவில் குத்தலும் வந்தால் நிமோனியா, அன்றைக்கே கீழே அனுப்பு. நெஞ்சில் விசில் சத்தம் வந்து வந்து போனால் ஆஸ்துமா. கடைசிப் படத்தில், விடிந்ததும் இருமிக் கோழை துப்புகிற, மேடு ஏற முடியாமல் நின்று வாயைக் குவித்து ஊதுகிற, வருஷா வருஷம் மூச்சு குறைந்துகொண்டே போகிற ஒருவரைப் போட்டிருந்தார்கள். அவர் மீசை வைத்த நகரத்து ஆள். விரலிடுக்கில் சிகரெட். எங்கள் மேட்டில் சிகரெட் பிடிக்கிறவர்கள் இரண்டே பேர். அந்தப் படம் எனக்கில்லை என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவளோடு கோழி விலை பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தியை இன்றைக்கு எதால் அடிப்பது?

தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனால், பெண்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்.

"இருமல் இருக்கா?"

"இல்லம்மா." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்தி இருமுவார்கள். "இது அடுப்பு இருமல்."

குளிர் ஏறி வந்த இருமல் ஒரு இருமல். காசநோய் இருமல் ஒரு இருமல். அடுப்பு இருமல் என்பது கையில் காய்ப்பு இருப்பது போல, வேலை செய்கிறவளுக்கு இருக்க வேண்டியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். நானும் அப்படித்தான் இருமினேன். அதனால் நாற்பத்து மூன்று வீட்டுக்கும் 'இல்லை'. மழைக்காலத்தில் ஒன்றிரண்டு 'உண்டு' வரும், அவ்வளவுதான்.

நர்ஸ் எல்விரா நல்லவள், ஆனால் அடித்தல் திருத்தல் பொறுக்காதவள். ஒரு முறை இரண்டு கட்டத்தில் அடித்து எழுதியிருந்தேன் என்று, தாள் முழுவதையும் அவள் எதிரிலேயே உட்கார்ந்து புதிதாக எழுத வைத்தாள். ஊருக்குத் திரும்பும் கடைசி வண்டி போய்விட்டது. நடந்தே மேடேறி வந்து, அன்று ராத்திரியே மக்காரியாவிடம் புலம்பித் தீர்த்தேன். அதற்குப் பிறகு ஒரு கெட்ட பழக்கம் பிடித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லாதது, இங்கே சொல்கிறேன். கிளம்பும் முன்பே, வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே, கட்டம் அத்தனையிலும் அழகாக 'இல்லை' எழுதிவிடுவேன். அப்புறம் ஊரைச் சுற்றி, வாயால் மட்டும் கேட்டுவிட்டு வருவேன். பதில்தான் தெரியுமே.

நடுவில் ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். இரும்புத் தட்டும் புகைக்குழாயும் வைத்த செங்கல் அடுப்பு, வீட்டுக்கு ஒன்று. மக்காரியாவுக்குப் பிடித்திருந்தது. மண்டியிட வேண்டாம், நின்றுகொண்டே ரொட்டி சுடலாம். முதல் வாரம் என்னைக் கூப்பிட்டு, "பாருங்க கொமாத்ரே, அடுப்படில உங்க மூஞ்சி தெரியுது. இத்தன வருசம் புகைல அழகா இருந்தீங்க" என்று கேலி செய்தாள். அந்த வாரம் அவள் இருமல் குறைந்திருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். குறைந்துதான் இருந்தது. நான் கவனிக்கவில்லை.

மூன்றாவது வாரம் கறுப்புச் சோளக் கதிர் ஒன்றில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை விழுந்தது. மக்காரியா கதிரைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தவள் மாதிரி உட்கார்ந்துவிட்டாள். அடுத்த முறை நான் போனபோது, குழாய் கூரைக்கு வெளியே போகாமல் உத்தரத்துக்குக் கீழேயே நின்றது. அவள் புருஷன் எவுசேபியோ அளவாக அறுத்திருந்தார்.

"என்ன கொமாத்ரே, குழாயக் காணோம்?"

"அது வானத்துக்குல்ல புகை போட்டுக்கிட்டு இருந்துச்சு. என் சோளத்துக்கு யாரு போடுறது?"

நான் சிரித்தேன். சிரித்தது மட்டுமா? நிறுவனத்தார் பார்வையிட வருகிற தேதி எனக்கு முன்பே தெரியும். முந்தின நாளே சொல்லி, அறுத்த துண்டைக் கம்பியால் கட்டி, குழாயை மறுபடி கூரைக்கு மேலே ஏற்றினோம். கம்பியை முறுக்கியது என் கைதான். வந்தவர்கள் காப்பி குடித்து, மக்காரியாவை அடுப்போடு நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வண்டி வளைவில் மறைந்ததும் கம்பியை அவிழ்த்தோம். விதை பிழைத்தது.

மக்காரியா ஆள் குறைந்துகொண்டே வந்தாள். ஞாயிறு சந்தைக்குப் போகும்போது முன்னால் ஓடுகிறவள், பாதி மேட்டில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்க ஆரம்பித்தாள். "என்ன அப்படிப் பாக்குறீங்க?" என்று கேட்டால், "யாரு காட்டுல களை எடுக்காம கெடக்குன்னு பாக்குறேன்" என்பாள். அவள் மூச்சு வாங்க நிற்கிறாள் என்பது தெரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. குளிர் ஏறிவிட்டது என்று எவுசேபியோ வேர்வைக் குடிலில் கல்லைக் காயவைத்து, அந்தச் சின்ன மண் அறைக்குள் அவளை உட்கார வைப்பார். அதுவும் புகைதான். கல்யாண வீடுகளில் நானூறு இலைக் கொழுக்கட்டைக்கு ஒற்றை ஆளாக மாவு அடித்தவள், இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்து மற்றவர்களை அதட்டினாள். அதட்டலும் போகப் போகச் சின்னதாயிற்று. ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பேசினாள்.

அந்த வருஷம் அக்டோபர் மாதம். வழக்கம் போலத் தாளோடு போனேன். வரிசையில் அவள் வீடு ஆறாவது. அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே, தாளை விரித்து வைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"இருமல் இருக்கா கொமாத்ரே?"

கையிலிருந்த கதிரைக் கீழே வைத்தாள்.

"இருக்கு. படுத்தா மூச்சு முட்டுது, சுவத்துல சாஞ்சுதான் தூங்குறேன். விடிஞ்சா ஒரு கிண்ணம் கோழை வருது. காலு வீங்கிக்கிடுது." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "என்னமோ சரியில்ல, கொமாத்ரே."

பதினெட்டு வருஷத்தில் என் கேள்விக்குக் கிடைத்த ஒரே உண்மையான பதில் அதுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? தாளைப் பார்த்தேன். ஆறாவது வரிசையில் 'இல்லை' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. பையில் வேறு தாள் இல்லை. நர்ஸ் எல்விராவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"அது அடுப்பு இருமல்தானே கொமாத்ரே?" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள்.

"ஆமா. அடுப்பு இருமல்தான். உக்காருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டுத்தான் போனேன். வெல்லம் கூடுதலாகப் போட்டிருந்தாள்.

பிப்ரவரியில், விதைக் கதிரை இறக்க ஏணியில் இரண்டு படி ஏறியவள் அப்படியே சரிந்தாள். உதடும் நகமும் நீலமாகிவிட்டன. எவுசேபியோவும் என் தம்பியும் நாற்காலியில் கட்டித் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். சான் மார்கோஸ் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள். சளியைப் பரிசோதித்துக் காசநோய் இல்லை என்றார்கள். நான் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன். மூன்று நாள் கழித்து ஒரு குழலை வாயில் கொடுத்து, முடிந்த மட்டும் ஊதச் சொன்னார்கள். அவள் ஊதினாள். கருவி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே யோசித்தது. சின்ன வயது டாக்டர் ஒருவர், பொறுமைசாலி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"சிகரெட் பிடிப்பீங்களாம்மா? எத்தனை வருஷமா?"

மக்காரியா எங்கள் மாம் மொழியில் என் பக்கம் திரும்பினாள். "கொமாத்ரே, என் சிகரெட்டு எவ்ளோ பெருசுன்னு டாக்டருக்குச் சொல்லுங்க. கோடாலியால பொளந்துதான் பத்த வைப்பேன்னு சொல்லுங்க."

நான் ஸ்பானிய மொழியில் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. நுரையீரலுக்குள் காற்றுப் பாதைகள் நிரந்தரமாகச் சுருங்கிவிட்டன, போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். "இதை ஆரம்பத்துல கண்டுபிடிச்சிருந்தா இன்னும் பல வருஷம் நல்லா இருந்திருப்பாங்க. மாசா மாசம் யாரும் வந்து விசாரிக்கிறதில்லையா உங்க ஊர்ல?" என்று என்னைக் கேட்டார். நான் அன்றைக்கு நீல அங்கி போட்டுக்கொண்டு போகவில்லை.

ஆக்சிஜன் உருளையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே ஒரு கட்டளை. உருளை இருக்கிற இடத்தில் தீக்குச்சி கூடக் கிழிக்கக் கூடாது, புகை வாசனையே ஆகாது. அடுப்படியும் படுக்கையும் ஒரே அறையாக இருந்த வீடு அது. முப்பத்து நான்கு வருஷத்தில் முதல் முறையாக அங்கே விடிந்தும் யாரும் நெருப்பு மூட்டவில்லை. ரொட்டியும் பீன்ஸ் குழம்பும் நாங்கள் முறை வைத்துக் கொண்டுபோனோம். மற்றவர் கை ரொட்டி அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. "இது தடிமனா இருக்கு, யாரு தட்டுனது, சண்டக்காரியா இருப்பா போல" என்று முணுமுணுப்பாள். அது என் ரொட்டி.

புகை போனதும் கதிர்களின் கதி என்ன என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஏணி வைத்து அத்தனையையும் இறக்கி, என் அடுப்படி உத்தரத்தில் கொண்டுபோய்க் கட்டினேன். என் வீட்டுக் குழாயையும் அறுத்தேன். மாங்கு மாங்கென்று இருமிக்கொண்டே அறுத்தேன்.

அடுத்த முறை நான் போனபோது தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் குழாய். கழுத்துக் குழி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வந்தது.

"வெதை?"

"எங்க அடுப்படில இருக்கு. ஒரு வண்டு கெடையாது."

"அப்ப நீங்க... இருமப் போறீங்க."

"இப்ப மட்டும் என்ன, பாடிக்கிட்டா இருக்கேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு மூச்சு போதவில்லை. அவள் தேறி வரும் வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். தடவத் தடவ எனக்குள் அடைத்து வைத்திருந்தது உடைந்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னேன். அக்டோபர் மாதம் அவள் உண்மையைச் சொன்னாள் என்பதை, தாளை நான் வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தேன் என்பதை, வேறு தாள் இல்லை என்று அவள் வாயை அடைத்தேன் என்பதை.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

"தெரியும், கொமாத்ரே."

"என்ன தெரியும்?"

"எனக்குப் படிக்கத் தெரியாது." மூச்சு வாங்கினாள். "எண்ணத் தெரியும். எங்க வீடு ஆறாவது. தாளு... கீழ வரைக்கும் நெறஞ்சிருந்துச்சு."

தோளில் கிடந்த பையை இறக்கிக் கீழே வைத்தேன்.

"நீங்க அடிச்சு எழுதுனா... அந்த நர்ஸு மறுபடி உக்கார வச்சிருவா. வண்டி போயிரும். எம் முன்னாடி உங்களுக்கு... வெக்கமா இருக்கும்." என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "அதான் அடுப்பு இருமல்னு சொன்னேன்."

அன்றைக்கு அவளை நான் திட்டினேன். ஞானஸ்நானத்துக்குப் பிறகு முதல் முறையாக, வாடி போடி என்று திட்டினேன். "என் வெக்கம் பெருசாடி உனக்கு? உன் உசுர விட பெருசாடி?" என்று கத்தினேன். வெளியே நின்ற எவுசேபியோ பயந்து எட்டிப் பார்த்தார். மக்காரியா கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப நாள் கழித்து ஒரு பாட்டைக் கேட்கிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

பையில் அந்த மாதத் தாள் இருந்தது. ஒரு கட்டமும் நிரப்பாத தாள். ஆறாவது வரிசையில் விரலை வைத்து அவளுக்குக் காட்டினேன்.

"இருமல் இருக்காடி?"

"இருக்குடி" என்றாள்.

எப்போதிலிருந்து, எப்படி, எந்த வேளையில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு பதிலுக்கும் அடுத்ததற்கும் இடையில் வெகு நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டம் போதாமல் ஓரத்தில் எழுதினேன், ஓரம் போதாமல் பின்பக்கம் எழுதினேன். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஆரம்பித்த இருமலிலிருந்து ஏணி வரைக்கும் எழுதி முடிக்கும்போது மத்தியானம் ஆகிவிட்டது. எட்டாவது நாள் அவள் போய்விட்டாள். நர்ஸ் எல்விரா அந்தத் தாளை இரண்டு பக்கமும் படித்தாள். ஏழெட்டு இடத்தில் அடித்து எழுதியிருந்தேன். அவள் திருப்பித் தரவில்லை.